கீசா மிருகக்காட்சிசாலை: விற்கவில்லை என்றால் போதுமா?

எகிப்தின் கீசா மிருகக்காட்சிசாலை 1891 இல் திறக்கப்பட்டது. அரச குடும்பத்தின் தோட்டமாக இருந்த சுமார் 80 ஏக்கர் காணி, பொதுமக்களின் இடமாக மாறியது. பெருநாள் நாட்களில் ஏழைக் குடும்பங்கள் சாப்பாட்டுடன் வந்து மரநிழலில் பொழுதைக் கழிப்பது வழக்கமாக இருந்தது. மூடப்படும் முன் நுழைவுக் கட்டணம் ஐந்து பவுண் மட்டுமே இருந்தது.

2023 இல் அபிவிருத்திக்கென அது மூடப்பட்டது. இராணுவ உற்பத்தி அமைப்பும் தனியார் நிறுவனங்களும் இணைந்த கூட்டமைப்புக்கு 25 ஆண்டு காலப் பயன்பாட்டு உரிமை வழங்கப்பட்டது. மரங்கள் வெட்டப்படும், கட்டணம் உயரும் என்று மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அரசாங்கமோ, "விற்கவில்லை, காணி அரசுடையதே" என்று பதிலளித்தது.

சட்டப்படி அது சரி. ஆனால் இவ்வகை ஒப்பந்தத்தில் உரித்து அரசிடம் இருக்க, இடத்தை நடத்துவதும் வருமானம் பெறுவதும் மற்றவர் கைக்குப் போகிறது. போட்ட முதலை அவர்கள் நுழைவுச்சீட்டிலும் கடைகளிலும்தான் மீட்க வேண்டும். படையினர் பிடித்து வைத்திருக்கும் காணிக்கு உறுதியை மட்டும் கையில் வைத்திருக்கும் எம்மவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

திருத்தம் தேவையில்லை என்பதல்ல வாதம். கூடுகள் பழையவையாக இருந்தன, 2004 இல் உலக மிருகக்காட்சிசாலைகள் சங்கத்தின் உறுப்புரிமையையும் அது இழந்தது. திருத்தியபின் ஐந்து பவுண் கொடுத்து வந்த குடும்பம் மீண்டும் உள்ளே போக முடியுமா என்பதே கேள்வி. அதற்கான பதில் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தை மக்கள் வாசிக்கவும் முடிய வேண்டும்.