1,540 கோடி பீப்பாய் எங்கே போயின?

கலிபோர்னியாவின் மான்டரே ஷேல் பாறைகளிலிருந்து 1,540 கோடி பீப்பாய் எண்ணெய் எடுக்கலாம் என்று 2011இல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகத்தின் அறிக்கை சொன்னது. அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்காவின் ஷேல் எண்ணெயில் அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. இதை வைத்து, 28 லட்சம் பேர் வரை வேலை பெறுவார்கள் என்று தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வொன்று 2013இல் கணக்குப் போட்டது. 2014 மே மாதம் அதே நிர்வாகம் தன் மதிப்பீட்டை 60 கோடி பீப்பாயாகக் குறைத்தது. இடைப்பட்ட காலத்தில் பாறை மாறிவிடவில்லை.

இந்தச் சரிவைப் புரிந்துகொள்ளப் பாறைக்குள்ளிருந்துதான் தொடங்க வேண்டும். கடலடியில் நுண்ணிய சேற்றோடு சேர்ந்து படிந்த பாசிகளும் நுண்ணுயிர்களும் மண்ணின் பாரத்தில் இறுகி, கெரோஜன் என்ற கரிமப் பொருளாகின்றன; சேறு ஷேல் பாறையாகிறது. பாறை ஆழத்தில் புதைந்து, வெப்பம் சுமார் 60 முதல் 150 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போது கெரோஜன் உடைந்து எண்ணெயாகிறது. அதில் ஒரு பகுதி கசிந்து மேலேறி மணற்பாறை போன்றவற்றில் தேங்கும். வழக்கமான எண்ணெய் வயல்கள் இவைதான். மிச்சம் பிறந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. அங்கே துளைகளின் அளவை நானோமீட்டரில்தான் சொல்ல முடியும். எண்ணெயின் பெரிய மூலக்கூறுகள் சில துளைகளில் நுழையவே இடமில்லை. கொஞ்சம் எண்ணெய் துளைகளில் தனித்து நிற்கும், கொஞ்சம் கெரோஜனின் பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டியது எளிதில் விடாது. அதனால்தான் கிடைமட்டமாகத் துளையிட்டு, உயர் அழுத்தத்தில் நீரும் மணலும் செலுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள். அப்படியும் உள்ளே இருப்பதில் 100க்கு 10 பங்கு கிடைத்தாலே நல்ல விளைச்சல்.

மொத்த எண்ணெயைக் கணக்கிடும் வழி பார்வைக்கு எளிது. பாறையின் பரப்பு, தடிமன், துளைகளின் விகிதம், அந்தத் துளைகளில் எண்ணெயின் பங்கு ஆகியவற்றைப் பெருக்க வேண்டும். மேலே வரும்போது கரைந்த வாயு பிரிந்து எண்ணெய் சுருங்குவதற்காகக் கொஞ்சம் கழிக்க வேண்டும். துளை விகிதம் 5 சதவீதமா 6 சதவீதமா என்ற தடுமாற்றம்கூட விடையை ஐந்தில் ஒரு பங்கு மாற்றிவிடும்.

மான்டரேவில் போட்ட கணக்கு இதைவிடத் துணிச்சலானது. 1,752 சதுர மைல் பரப்பு, சதுர மைலுக்கு 16 கிணறு, கிணற்றுக்கு 5.5 லட்சம் பீப்பாய். பெருக்கினால் 1,540 கோடி வருகிறது. ஆனால், அப்படி விளைந்த கிணறுகள் அங்கே கண்ணில் படவில்லை. கனடாவின் புவியியலாளர் டேவிட் ஹியூஸ் 2013 இறுதியில் கிணறுகளின் உண்மையான உற்பத்தித் தரவைப் பார்த்து இதைச் சுட்டிக்காட்டினார். நிலநடுக்கப் பகுதியான கலிபோர்னியாவில் அந்தப் பாறை மடிந்தும் முறிந்தும் கிடக்கிறது. எண்ணெயில் பெரும்பங்கு எப்போதோ மேலேறிவிட்டது. நூறாண்டுக்கு மேலாகக் கலிபோர்னியா இறைத்துவரும் எண்ணெயில் பெரும்பாலானது மான்டரேவில் பிறந்ததுதான். வேலைவாய்ப்பும் வரிவருவாயும் திட்டமிட்டவர்கள் அந்த மூன்று எண்களைக் கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வடக்கு டகோட்டாவின் பாக்கன் பாறையில் தவறு எதிர்த்திசையில் நடந்தது. எடுக்கக்கூடியது 15.1 கோடி பீப்பாய்தான் என்று 1995இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை மதிப்பிட்டது. அதே துறையின் புவிவேதியியலாளர் லீ பிரைஸ், அந்தப் பாறை குறைந்தது 27,100 கோடி பீப்பாய் எண்ணெயை உருவாக்கியிருக்கும் என்று எழுதினார். ஆய்வு முறையாக வெளிவரும் முன்பே 2000இல் இறந்துபோனார். 2008இல் துறையின் மதிப்பீடு சுமார் 365 கோடியானது. அங்கே இரண்டு ஷேல் அடுக்குகளுக்கு நடுவே, பிளந்தால் எண்ணெயை விட்டுக்கொடுக்கும் இறுகிய பாறை ஒன்று இருக்கிறது. 2014இல் அந்த மாநிலத்தின் உற்பத்தி நாளுக்கு 10 லட்சம் பீப்பாயைத் தாண்டியது.

பிரைஸின் எண்ணைத் தவிர இவையெல்லாம் தொழில்நுட்பத்தால் எடுக்கக்கூடிய எண்ணெயின் மதிப்பீடுகள். 'நிரூபிக்கப்பட்ட இருப்பு' வேறு: அன்றைய விலையில் எடுத்தால் கட்டுப்படியாக வேண்டும். கச்சா எண்ணெய் விலை சரிந்த 2015இல் அமெரிக்காவின் நிரூபிக்கப்பட்ட எண்ணெய் இருப்பு சுமார் 3,990 கோடி பீப்பாயிலிருந்து 3,520 கோடியாகக் குறைந்தது. அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி இன்னும் பாறைக்குள்தான் இருந்தது, எடுத்தால் நஷ்டம் என்பதால் கணக்கிலிருந்து விழுந்துவிட்டது.