ஜாவா சுவிங்கில் பொத்தான் தோன்றாமை

சுவிங்கில் பொத்தான் தோன்றாமை என்பது, ஜாவா நிரலாக்க மொழியின் சுவிங் நூலகத்தைக் கொண்டு எழுதப்படும் மேசைக் கணினி மென்பொருட்களில், நிரலில் உருவாக்கப்பட்ட பொத்தான் சாளரத்தில் காட்சியளிக்காத வழு ஆகும். சுவிங், 1998 ஆம் ஆண்டில் வெளியான ஜாவா 1.2 பதிப்புடன் இணைக்கப்பட்டது. இவ்வழு உள்ள நிரல் பிழையின்றித் தொகுக்கப்படும். இயங்கும்போதும் பெரும்பாலும் பிழைச்செய்தி வராது. எனவே காரணத்தை நிரலாளரே தேடிக் கண்டறிய வேண்டியுள்ளது.

பொத்தான் திரையில் தோன்ற மூன்று படிகள் நிறைவேற வேண்டும். அவை கொள்கலம் ஒன்றில் சேர்க்கப்படுதல், இடமும் அளவும் பெறுதல், வரையப்படுதல் என்பனவாகும்.

சேர்த்தல்

ஒரு கூறு ஒரு நேரத்தில் ஒரு கொள்கலத்தில் மட்டுமே இருக்க முடியும். ஒரே பொத்தானை இரண்டாவது பலகத்திலும் சேர்த்தால், முதற் பலகத்திலிருந்து அது நீக்கப்பட்டுவிடும். இரண்டு இடங்களிலும் தேவையெனில் இரண்டு பொத்தான்களை உருவாக்க வேண்டும்.

இடமும் அளவும்

ஜேஃபிரேம் சாளரத்தின் உள்ளடக்கப் பலகம், இயல்பாக பார்டர்லேஅவுட் என்னும் தளவமைப்பைப் பயன்படுத்துகிறது. இது பரப்பை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, நடு என ஐந்தாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கூறு மட்டுமே காட்டப்படும். பகுதி குறிப்பிடப்படாத கூறு நடுப்பகுதிக்குச் செல்லும். இதனால், இவ்வாறு மூன்று பொத்தான்களைச் சேர்த்தால் கடைசிப் பொத்தான் மட்டுமே சாளரத்தை நிரப்பித் தோன்றும். பொத்தான்களை முதலில் ஜேபேனல் ஒன்றில் சேர்த்து, அப்பலகத்தைச் சாளரத்தில் சேர்ப்பது இதற்குத் தீர்வாகும். ஜேபேனலின் இயல்பான தளவமைப்பு கூறுகளை வரிசையாக அடுக்கும்.

தளவமைப்பை முற்றிலும் நீக்கிவிட்டால் பொத்தானின் அளவு சுழியமாகவே இருக்கும். அப்போது செட்பவுண்ட்ஸ் மூலம் இடத்தையும் அளவையும் நிரலாளரே தர வேண்டும்.

சாளரம் திறந்த பின்னர் சேர்க்கப்படும் பொத்தானுக்கு, கொள்கலத்தின் ரீவேலிடேட், ரீபெயின்ட் ஆகியவற்றை அழைத்தல் வேண்டும். சாளரத்தின் விளிம்பை இழுத்ததும் பொத்தான் தோன்றுமாயின், இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

வரைதல்

சாளரத்தின் பெயின்ட் வழிமுறையை மாற்றியெழுதும்போது மேல்வகுப்பின் பெயின்ட் அழைக்கப்படாவிடில், உள்ளிருக்கும் பொத்தான்கள் வரையப்படமாட்டா. சுட்டியை மேலே கொண்டுசென்றால் மட்டும் அவை தலைகாட்டும். படம் வரைவதற்கு ஒரு பலகத்தின் பெயின்ட்காம்பொனென்ட் வழிமுறையைப் பயன்படுத்துவதே முறையாகும்.

சுவிங்கில் வரைதலும் பயனரின் சொடுக்குகளைக் கையாளுதலும் ஒரே இழையில் நடைபெறுகின்றன. கோப்பிறக்கம் போன்ற நீண்ட பணி அவ்விழையில் ஓடினால், அது முடியும்வரை சாளரம் வெறுமையாக நிற்கக்கூடும். இத்தகைய பணிகளைப் பின்னணி இழைக்கு மாற்ற, 2006 இல் வெளியான ஜாவா 6 இல் சுவிங்வொர்க்கர் வகுப்பு சேர்க்கப்பட்டது.

கண்டறிதல்

சாளரம் திறந்த பின்னர் பொத்தானின் பெற்றோர்க் கொள்கலத்தையும் அளவையும் அச்சிட்டுப் பார்ப்பது எளிய சோதனையாகும். பெற்றோர் இல்லையெனில் குறை சேர்த்தலில் உள்ளது. பெற்றோர் இருந்தும் அளவு சுழியமெனில் குறை தளவமைப்பில் உள்ளது. இரண்டும் சரியெனில், பொத்தான் சாளர எல்லைக்குள் உள்ளதா, மறைக்கப்பட்டுள்ளதா என்பதைப் பார்த்த பின்னர் வரைதலை ஆராயலாம்.