காசநோய் மாத்திரையும் சூரை மீனும்: அமைன்களை உடைக்கும் நொதிகள்

ஒரு பென்சீன் வளையம், அதை ஒட்டி இரண்டு கார்பன் அணுக்கள், முனையில் ஓர் அமைன். ஃபீனெத்திலமின் என்ற சேர்மத்தின் அமைப்பு இவ்வளவுதான். அட்ரினலின், நார் அட்ரினலின், டோபமின், உணவில் வரும் டைரமின் எல்லாம் இதே எலும்புக்கூட்டின் மேல் கட்டப்பட்டவை. சளி மாத்திரையில் உள்ள ஃபினைலெஃப்ரினும் இந்த வம்சம்தான். இவற்றில் பல, இரத்த அழுத்தத்தையோ நாடித்துடிப்பையோ ஏற்றக்கூடியவை. அதனால் வேலை முடிந்த கையோடு இவை உடைக்கப்பட்டாக வேண்டும்.

மோனோஅமைன் ஆக்சிடேஸ்

உடைக்கும் பொறுப்பு முதன்மையாக மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதியுடையது, சுருக்கமாக எம்.ஏ.ஓ. 1928-இல் கேம்பிரிட்ஜில் மேரி ஹேர் என்ற ஆய்வாளர் ஈரலில் டைரமினை ஆக்சிஜனேற்றும் ஒரு நொதியைக் கண்டறிந்தார். பின்னாளில் எம்.ஏ.ஓ. எனப் பெயர் பெற்றது அதுவே. செல்லின் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் இது ஒட்டியிருக்கிறது. அமைன் பகுதியை அம்மோனியாவாகக் கழற்றிவிடுகிறது. ஃபீனெத்திலமினிலிருந்து எஞ்சும் ஆல்டிஹைடை வேறொரு நொதி ஃபினைல் அசெட்டிக் அமிலமாக மாற்றுகிறது. அது குளுட்டமினோடு இணைந்து சிறுநீரில் வெளியேறுகிறது.

எம்.ஏ.ஓ. இரண்டு வகை. 'ஏ' வகை செரடோனினையும் நார் அட்ரினலினையும் கவனிக்கிறது. குடலில் அதிகம் இருப்பது இதுதான். 'பி' வகைக்கு உரியது ஃபீனெத்திலமின். டைரமினையும் டோபமினையும் இரண்டுமே உடைக்கும். சாக்லேட்டில் ஃபீனெத்திலமின் இருப்பதால் மனம் மயங்கும் என்று எழுதுவோர் இந்த 'பி' வகையை மறந்துவிடுகிறார்கள். விழுங்கிய ஃபீனெத்திலமினில் பெரும்பகுதி மூளைக்குப் போய்ச் சேருமுன்பே கரைந்துவிடுகிறது.

சி.ஓ.எம்.டி.

அட்ரினலின், நார் அட்ரினலின், டோபமின் மூன்றிலும் வளையத்தில் இரண்டு ஹைட்ராக்சில் குழுக்கள் பக்கம் பக்கமாக உள்ளன. அவற்றில் ஒன்றில் மெத்தில் குழுவை மாட்டிச் செயலிழக்கச் செய்வது சி.ஓ.எம்.டி. நொதி. 1950-களின் இறுதியில் இதைக் கண்டறிந்த ஜூலியஸ் ஆக்செல்ராட் 1970-இல் நோபல் பரிசு பெற்றார். இந்த நொதி விட்டுச்செல்லும் மெட்டாநெஃப்ரின்களை அளந்துதான் அட்ரினல் சுரப்பியில் வரும் ஃபியோகுரோமோசைட்டோமா கட்டி கண்டறியப்படுகிறது. திடீர் திடீரென இரத்த அழுத்தம் ஏறி, வியர்த்து, தலை வெடிப்பது போல் வலிப்பவருக்கு இந்தப் பரிசோதனை எழுதப்படுகிறது.

காசநோய் மருந்தும் நொதியும்

1950-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இப்ரோனியசிட் என்ற காசநோய் மருந்து சோதிக்கப்பட்டபோது, நோயாளிகள் வழக்கத்துக்கு மாறாக உற்சாகமடைந்தார்கள். அது எம்.ஏ.ஓ.வைத் தடுப்பதை 1952-இல் ஆல்பர்ட் செல்லர் குழு காட்டியது. அதன் உறவு மருந்தான ஐசோனியசிட் எம்.ஏ.ஓ.வை மிக லேசாகவே தடுக்கிறது. இந்த ஐசோனியசிட்தான் 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தின் ஆய்வுகளில் முதன்மை மருந்தாக இருந்தது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மையமே. வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் குணமாவதைப் போலவே குணமாகும் என்று 1959-இல் அது உலகுக்குக் காட்டியது.

வீட்டிலிருந்து மருந்து சாப்பிடுபவர் வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிடுவார். இலங்கையின் நெஞ்சக மருத்துவர் சி. ஜி. உரகொட 1970-களில் கவனித்தது இதை ஒட்டியதுதான். ஐசோனியசிட் எடுப்போர் சிலருக்குச் சூரை மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்தது, தலை வலித்தது, நெஞ்சு படபடத்தது. காரணம் ஹிஸ்டமின். அது ஃபீனெத்திலமின் குடும்பமல்ல, ஆனாலும் ஓர் அமைன். அதை உடைக்கும் டையமின் ஆக்சிடேஸையும் ஐசோனியசிட் தடுக்கிறது.

பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் பக்கம் மீன் வாங்குவோருக்கு இது நேரடியான செய்தி. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மூன்றிலும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக்கிவிடும். எவ்வளவு நேரம் குழம்பில் கொதித்தாலும் அது அழியாது. கண் தெளிந்து, செவுள் சிவந்து, ஐஸில் புதைந்திருக்கும் மீனை வாங்கி உடனே சமைப்பதே பாதுகாப்பு. வவ்வாலும் சங்கராவும் இந்த வகையில் தொல்லை குறைந்தவை. மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று காசநோய் மாத்திரையை நிறுத்துவது பேராபத்து. மாற்ற வேண்டியது மீனைத்தான்.

லினெசோலிட் எடுப்போர்

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு பெடாகுவிலின், பிரெடோமானிட்டோடு சேர்த்துத் தரப்படும் லினெசோலிட், எம்.ஏ.ஓ.வின் இரு வகைகளையும் தற்காலிகமாகத் தடுக்கிறது. ஒரு வேளை உணவில் 100 மில்லிகிராமுக்கு மேல் டைரமின் சேரக்கூடாது என்பது இதற்கான எச்சரிக்கை. உடைபடாத டைரமின் நரம்பு முனைகளில் சேமிப்பில் உள்ள நார் அட்ரினலினை வெளியே தள்ளும். இரத்த அழுத்தம் எகிறும். முதிர்ந்த சீஸ், சோயா சாஸ், கருவாடு ஆகியவற்றில் கவனம் தேவை. ஒரே இரவில் புளிக்கும் இட்லி மாவை இந்தப் பட்டியலில் சேர்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

உணவைவிடப் பெரிய ஆபத்து பிற மாத்திரைகளில் இருக்கிறது. தி. நகரில் எந்த மருந்துக்கடையிலும் 'சளி மாத்திரை' என்று கேட்டால் ஓர் அட்டை கைக்கு வரும். அதன் பின்புறச் சிறிய எழுத்துகளில் பெரும்பாலும் பாரசிட்டமாலோடு ஃபினைலெஃப்ரினும் இருக்கும். லினெசோலிட் எடுப்பவர் அதைத் தொடக்கூடாது. எஸ்சிடலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளும், டிரமடால் வலிமாத்திரையும் லினெசோலிட்டோடு சேர்ந்தால் செரடோனின் அளவுமீறிக் காய்ச்சல், நடுக்கம், குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம்.

பார்க்கின்சனும் பூனைக்காலியும்

பார்க்கின்சன் நோயில் இந்த நொதிகளைத் தடுப்பது வேண்டுமென்றே செய்யப்படுகிறது. செலிஜிலினும் ராசாஜிலினும் 'பி' வகையைத் தடுத்து மூளையில் டோபமினைச் சற்று அதிக நேரம் நிறுத்துகின்றன. என்டகாபோன் சி.ஓ.எம்.டி.யைத் தடுக்கிறது. இந்த மருந்தின் நிறத்தால் சிறுநீர் செம்பழுப்பாகலாம், பயப்பட வேண்டாம். மயிலாப்பூர் நாட்டு மருந்துக்கடைகளில் பொடியாகக் கிடைக்கும் பூனைக்காலி விதையில் இருப்பது எல்-டோபா. பார்க்கின்சன் மாத்திரையில் உள்ள அதே லெவோடோபா. இரண்டையும் சேர்த்தால் அளவு கூடி, கைகால்கள் தம்மை மீறி அசையத் தொடங்கலாம். பொடி சாப்பிடுவதை நரம்பியல் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

மருந்தை நிறுத்திய பிறகு

லினெசோலிட் நின்றால் ஓரிரு நாளில் நொதி பழைய நிலைக்குத் திரும்பும். செலிஜிலினும் ராசாஜிலினும் நொதியை நிரந்தரமாக முடக்குபவை. செல்கள் புதிய நொதியை உண்டாக்கியாக வேண்டும். ஆகவே அவற்றை நிறுத்திய பிறகும் இரண்டு வாரமாவது, மனச்சோர்வு மாத்திரை தொடங்குவதற்கு முன் மருத்துவர்கள் காத்திருக்கச் சொல்கிறார்கள்.