டயர் பெருத்தால் வேகமானி ஏன் ஏமாறுகிறது?

1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் அது. அதே மாநிலத்தில், ஜாசின் டயர் கடைகளில் இன்று அடிக்கடி எழும் கேள்வி: "கொஞ்சம் பெரிய டயர் போடலாமா அண்ணே?"

மைவி காரின் 15 அங்குல ரிம்முக்கு உரிய டயர் 185/55 ஆர்15. 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். பக்கச்சுவரின் உயரம் அதில் 55 விழுக்காடு. கணக்குப் போட்டால் சக்கரத்தின் மொத்த விட்டம் 584.5 மி.மீ. 14 அங்குல ரிம்மில் வரும் 175/65க்கு 583.1 மி.மீ. ரிம் சிறுத்தால் பக்கச்சுவர் உயர்கிறது. விட்டம் ஏறக்குறைய மாறுவதில்லை. சூட்சுமமே இதுதான்.

அதே 15 அங்குல ரிம்மில் 185/65 போட்டால் விட்டம் 621.5 ஆகிவிடும், 6 விழுக்காடு கூடுதல். வேகமானி சக்கரத்தின் சுற்றுகளை எண்ணித்தான் வேகத்தைச் சொல்கிறது. முன்பு சரியாகக் காட்டியிருந்தாலும், இப்போது 100 காட்டும்போது கார் 106இல் ஓடும். வளைவில் டயர் உள்மட்கார்டில் உரசவும் கூடும்.

தோட்டத்துச் செம்மண் பாதைக்கு உயரமான பக்கச்சுவர் நல்லதுதான். குழியின் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். அதற்கு 14 அங்குல ரிம்முக்கு மாறலாம், பிரேக்கில் இடிக்காவிட்டால்.

சுமை எண்ணையும் பாருங்கள்: 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். காருக்குரிய அளவு ஓட்டுநர் கதவோரத் தகட்டில் இருக்கும். அதைப் படித்துவிட்டு விலை பேசுங்கள்.