கண்மணியில் வெண்மையா? காலம் தாழ்த்தாதீர்!

இவ்வரியை நீங்கள் படிக்கும் இந்நொடியில் உங்கள் கண்ணின் பின்புறத்தே என்ன நிகழ்கிறதென்று எண்ணிப் பார்த்ததுண்டா? அங்கே ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர் கனமே உள்ள மெல்லிய படலம் ஒன்று விரிந்துள்ளது. அதுவே விழித்திரை. கருவில் மூளை உருவாகும்போது அதிலிருந்தே கிளைத்து வருவதால், விழித்திரையை மூளையின் ஒரு பகுதியென்றே அறிஞர்கள் கொள்வர்.

மங்கிய ஒளியிலும் பார்க்க உதவும் குச்சி செல்கள் ஒரு கண்ணில் சுமார் 12 கோடி. நிறங்களையும் நுண்ணிய எழுத்துகளையும் காட்டும் கூம்பு செல்கள் சுமார் 60 இலட்சம். இவை தரும் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் சுமார் 10 இலட்சம். இத்தனை வகைச் செல்களும் கருவில் ஒரேவகைத் தாய்ச் செல்களிலிருந்து பிறந்தவையே. எல்லாவற்றிலும் உள்ள மரபணுக்களும் ஒன்றே. அவ்வாறாயின் இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது?

ஒரு வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். மாணவர் அனைவர் கையிலும் ஒரே பாடநூல்தான் இருக்கும். எந்தப் பாடத்தைத் திறப்பது, எதை மூடிவைப்பது என்பதை ஆசிரியரே சொல்வார். செல்களுக்குள்ளும் அத்தகைய ஆசிரியர்கள் உண்டு. பிற மரபணுக்களைத் திறப்பதும் மூடுவதுமே சில மரபணுக்களின் பணி. அவற்றின் கட்டளைப்படி, மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்புச் செல்கள் முதலில் தோன்றுகின்றன. கூம்பு செல்களும் முற்பகுதியிலேயே உருவாகின்றன. குச்சி செல்களுள் பெரும்பாலானவை பின்னரே வருகின்றன.

இக்கட்டளையின் வலிமையை ஓர் ஆய்வு காட்டிற்று. என்.ஆர்.எல். என்னும் ஒரே மரபணு நீக்கப்பட்ட எலிகளின் விழித்திரையில் குச்சி செல் ஒன்றுகூட உருவாகவில்லை. அவை உருவாக வேண்டிய இடத்தில் கூம்பு செல்களைப் போன்றவையே உருவாயின. ஆனந்த் ஸ்வரூப் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இதனை 2001ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

'இவ்வாறு ஆகுக' என்னும் கட்டளை போன்றே, 'இனிப் பெருகாதே' என்னும் கட்டளையும் இன்றியமையாதது. அதனை இடுவது ஆர்.பி.1 என்னும் மரபணு. செல் பெருகுவதற்குரிய மரபணுக்களைத் திறக்கும் புரதங்களை, இம்மரபணு உண்டாக்கும் புரதம் பற்றிப் பிடித்து அடக்கி வைக்கிறது. ஒவ்வொரு செல்லிலும் ஆர்.பி.1 இரண்டு படிகளாக உள்ளது. வளரும் விழித்திரைச் செல் ஒன்றில் அவ்விரண்டுமே பழுதுற்றால், தடையின்றிப் பெருகும் அச்செல் புற்றுக் கட்டியாகக்கூடும். ரெட்டினோபிளாஸ்டோமா எனப்படும் இந்நோய்க்கு இவ்விரு பழுதுகளே காரணம் என்னும் கருத்தை ஆல்ஃபிரட் நட்சன் என்னும் மருத்துவர் 48 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 1971இல் முன்வைத்தார். அம்மரபணு 1986இல் பிரித்தெடுக்கப்பட்டது.

ஏறத்தாழ 15,000 முதல் 20,000 குழந்தைகளுள் ஒன்றை இந்நோய் தாக்குகிறது. பெரும்பாலும் 5 வயதுக்குள்ளேயே. இதனை முதலில் காண்பது பெரும்பாலும் உம்மாவோ வாப்பாவோதான். மங்கிய வெளிச்சத்தில் குழந்தையின் கண்மணி பூனைக்கண் போல் வெண்மையாய் மின்னும். புகைப்படத்தில் ஒரு கண் சிவந்தும் மற்றது வெளுத்தும் தோன்றும். சில குழந்தைகளுக்கு மாறுகண் ஏற்படும்.

வெண்மை தோன்றுவதெல்லாம் புற்று அன்று, கண்புரையாகவும் இருக்கலாம். எதுவாயினும் தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணேறு என்றெண்ணி நாள் கடத்த வேண்டா. 'எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இல்லையே' என்று வாளாவிருக்கவும் வேண்டா. இந்நோயுற்ற குழந்தைகளுள் பெரும்பாலோரின் குடும்பத்தில் முன்பு எவருக்கும் அது இருந்ததில்லை. பெற்றோருள் ஒருவருக்கோ மூத்த குழந்தைக்கோ இருந்திருப்பின், அடுத்த குழந்தையைப் பிறந்தது முதலே பரிசோதிக்க வேண்டும்.

தொடக்கத்திலேயே கண்டால் மருந்தாலும் லேசர் ஒளியாலும் பல குழந்தைகளின் கண்ணையே காப்பாற்றலாம். முற்றிய நிலையில் உயிரைக் காக்கக் கண்ணையே அகற்ற நேரிடும். 'கண்ணை எடுப்பதா?' என்று கலங்கிப் பெற்றோர் தயங்கும் நாள்களில் நோய் மூளைக்கும் பரவிவிடக்கூடும். கண் போனாலும் பிள்ளை வாழும். தயக்கமோ பிள்ளையையே பறித்துவிடும்.

இன்றிரவு உங்கள் குழந்தையை மடியில் அமர்த்தி, அதன் இரு கண்களையும் ஒருமுறை உற்றுப் பாருங்களேன்!