யு.எக்ஸ். டிசைன் வேலைக்கு மாறலாமா? முதலில் சம்பளக் கணக்கு!

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தவுடன் பலருக்கும் ஓர் எண்ணம் தோன்றும். "இதைக் கற்றுக்கொண்டு நல்ல வேலைக்கு மாறிவிட்டால் என்ன?" எனக்கும் தோன்றியது. எனக்குக் காங்கேயத்தில் வீடு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எட்டு வருடம் மெர்ச்சன்டைசராக இருந்தேன். கையில் மாதம் ரூ. 26,000 வாங்கினேன். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அங்கிருந்து யு.எக்ஸ். டிசைன் துறைக்கு மாறினேன். மாறும்போது சம்பள விஷயத்தில் எங்கே தடுமாறினேன், எப்படிக் கணக்குப் போட்டேன் என்பதை உங்களுக்குச் சொல்கிறேன்.

யு.எக்ஸ். என்றால் என்ன?

பணம் அனுப்பும் ஆப்பைத் திறக்கிறீர்கள். எந்தப் பட்டனை அழுத்துவது என்று தெரியாமல் விழிக்கிறீர்கள். தவறு உங்களுடையது அல்ல, அதை வடிவமைத்தவருடையது. பயன்படுத்துபவர் தடுமாறாமல் வேலையை முடிக்கும்படி ஆப்பையும் வெப்சைட்டையும் திட்டமிடுவதுதான் யூசர் எக்ஸ்பீரியன்ஸ் டிசைன், சுருக்கமாக யு.எக்ஸ். 1993-இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த டொனால்டு நார்மன் தன் பதவியின் பெயரிலேயே இந்தச் சொல்லை வைத்துக்கொண்டார். அதன் பிறகே இது பரவியது.

பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். பையர் டெக்பேக் அனுப்புவார். நாம் சாம்பிள் தைத்து அனுப்புவோம். கை நீளம் அதிகம், கழுத்து இறுக்கம் என்று கமென்ட் வரும். திருத்தி அனுப்பி, அப்ரூவல் ஆன பிறகுதான் புரொடக்‌ஷனுக்குப் போவோம். யு.எக்ஸ். வேலையிலும் இதே வரிசைதான். முதலில் திரையின் கோட்டுப் படம், அடுத்து மாதிரி, பிறகு பயனாளரிடம் சோதனை, திருத்தம், கடைசியில்தான் புரோகிராமரிடம் ஒப்படைப்பது.

கற்றுக்கொள்ள எவ்வளவு செலவு?

டிசைன் செய்ய ஃபிக்மா என்ற சாஃப்ட்வேர் போதும். பிரவுசரிலேயே இயங்கும். இலவசத் திட்டமும் உண்டு. பாடங்களுக்கு ஐ.ஐ.டி. பாம்பே டிசைன் பள்ளியின் டி'சோர்ஸ் தளத்தையும், ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டெல். வகுப்புகளையும் இலவசமாகப் பார்க்கலாம்.

நான் முதலில் போனது ஒரு பயிற்சி நிலையத்துக்கு. பெயர் வேண்டாம். "நூறு சதவீதம் வேலை, ஆரம்பமே பெரிய சம்பளம்" என்றார்கள். கட்டணத்தை மாதத் தவணையில் கட்டலாம் என்றார்கள். "போன பேட்ச்சில் வேலை கிடைத்த மூன்று பேரிடம் பேச முடியுமா?" என்று கேட்டேன். மேனேஜர் வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். இதுவரை சொல்லவில்லை! பணம் கட்டும் முன் நீங்களும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

பழைய சம்பளம் கூட வராது

இதைத்தான் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். எட்டு வருட அனுபவம் எனக்கு இருந்தாலும், டிசைன் வேலைக்கு நான் புதியவன். புதியவருக்கான சம்பளம்தான் கிடைக்கும். முதல் இன்டர்வியூவில், "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். "நீங்களே பார்த்துக் கொடுங்க சார்" என்றேன். ஆறு மாதம் சம்பளம் இல்லாத டிரெய்னிங் என்றார்கள். மறுத்துவிட்டேன்.

இரண்டாவது, கோவையில் கார்மென்ட்ஸ் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் செய்யும் ஒரு நிறுவனம். வருடம் ரூ. 3,60,000 சி.டி.சி. என்றார்கள். அப்படியென்றால் மாதம் 30,000, பழைய சம்பளத்தை விட 4,000 அதிகம் என்று சந்தோஷப்பட்டேன். அங்கேதான் ஏமாந்தேன். சி.டி.சி. என்பது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. அது அப்படியே கைக்கு வராது. என் கணக்கைப் பாருங்கள்.

மாத சி.டி.சி.: ரூ. 30,000
வருடக் கடைசியில் வேலையைப் பார்த்துத் தரும் தொகை: கழிக்க 3,000
கம்பெனி கட்டும் பி.எஃப். (அடிப்படைச் சம்பளம் 15,000-இல் 12%): கழிக்க 1,800
கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது (சுமார் 4.8%): கழிக்க 720
என் பங்கு பி.எஃப்.: கழிக்க 1,800
கைக்கு வருவது: ரூ. 22,680

பி.எஃப். நம் சேமிப்புதான், வீண் போகாது. ஆனால் மாதச் செலவுக்கு உதவாது.

இன்னொரு கழித்தலும் உண்டு. திருப்பூர் வேலையில் பஸ், டீ எல்லாம் போக வீட்டுக்கு 23,500 கொடுத்தேன். கோவையில் ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் 8,500 ஆகும். மிச்சம் 14,180. மாதம் 9,320 துண்டு விழும். பன்னிரண்டு மாதத்துக்கு ரூ. 1,11,840. எங்கள் கையில் இருந்தது சீட்டு எடுத்த ஒரு லட்சம் மட்டும். நோட்டைப் பார்த்த என் மனைவி கேட்டது ஒரே கேள்வி. "எத்தனை மாசத்துக்குங்க இப்படி?"

எப்படிப் பேச வேண்டும்?

பழைய அனுபவத்துக்குச் சம்பளம் கிடைக்காது. ஆனால் அதை வேலையாகச் செய்து காட்டினால் மதிப்பு உண்டு. தையல் லைனில் சூப்பர்வைசர்கள் மணிக்கு எத்தனை பீஸ் ஆனது என்று நோட்டில் எழுதுவார்கள். அதை போனில் பதிவு செய்ய ஒரு ஆப்பை ஃபிக்மாவில் வரைந்திருந்தேன். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியிருக்கிறார். அதன்படி ஐந்து சூப்பர்வைசர்களிடம் கொடுத்துப் பார்த்தேன். மூன்று பேர் எண்களைத் தவறாக அழுத்தினார்கள். பட்டன்களைப் பெரிதாக்கினேன். இந்தக் கதையைத்தான் இன்டர்வியூவில் காட்டினேன்.

பிறகு தைரியமாகக் கேட்டேன். "சி.டி.சி.யை ஏற்ற வேண்டாம் சார். வருடக் கடைசியில் தரும் 36,000-ஐ மாதச் சம்பளத்திலேயே சேர்த்துத் தர முடியுமா?" இரண்டு நாளில் ஒப்புக்கொண்டார்கள். சி.டி.சி. மாறவில்லை. கைக்கு வந்தது 25,680. வருடத் துண்டு 75,840 ஆகக் குறைந்தது. சீட்டுப் பணத்துக்குள் அடங்கிவிட்டது!

நீங்கள் கேட்க வேண்டியவை:

1. மாதம் கைக்கு எவ்வளவு?
2. உறுதியான தொகை எவ்வளவு, மாறக்கூடியது எவ்வளவு?
3. புரொபேஷன் எத்தனை மாதம், அப்போது முழுச் சம்பளம் உண்டா?
4. முதல் சம்பள உயர்வு எந்த மாதம்?
5. பாண்ட் எழுதித் தர வேண்டுமா?

பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கே வேறு. அவர்கள் இழக்கப் பழைய சம்பளம் இல்லை. ஜோஹோ நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளியில் பள்ளிப் படிப்பு முடித்தவர்களைச் சேர்த்து, படிக்கும்போதே உதவித்தொகை தருகிறார்கள். டிசைன் பிரிவும் இருக்கிறது.

பழைய சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்த அதே 23,500-ஐ மறுபடி கொடுக்க எனக்குப் பதினேழு மாதம் ஆனது. உங்கள் தொகைகள் வேறாக இருக்கும், கழிக்கும் முறை இதுதான். வேலையை விடும் முன் எக்ஸெல்லைத் திறந்து, முதல் கட்டத்தில் உங்கள் வீட்டுச் செலவை எழுதுங்கள். சி.டி.சி.யை அதற்குப் பிறகு எழுதலாம்.