செய்தி போய்ச் சேர்ந்ததா?

2017-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி மும்பை வட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். மார்கழி பிறக்க இன்னும் பத்து நாள் இருக்கையில் இப்படி ஒரு மழையா என்று நம் வீடுகளில் வியந்தோம். குஜராத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒக்கிப் புயலின் கடைசி மூச்சு அது. நமக்கு நனைந்த துணியோடு போயிற்று. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளக் கரையிலும் அந்தப் புயல் நூற்றுக்கணக்கான மீனவக் குடும்பங்களில் விளக்கை அணைத்துவிட்டது. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை.

நவம்பர் 29 அன்று இலங்கைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் 30-ஆம் தேதி காலையில் புயலாகிவிட்டது. கரையில் இருந்தவர்களைக் கடலுக்குப் போகாதே என்று தடுக்கலாம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்பில், குறிப்பாகச் சுறா பிடிப்பதில், பேர் பெற்றவர்கள். ஒருமுறை புறப்பட்டால் வாரக்கணக்கில் கடலிலேயே இருப்பார்கள். அவர்களில் பலர் புயல் உருவாகும் முன்பே நெடுந்தொலைவு போய்விட்டிருந்தார்கள். புயலைக் கண்டுபிடிக்கச் செயற்கைக்கோள் இருந்தது; கண்டதை அவர்களிடம் சொல்ல வழி இருக்கவில்லை.

தப்பியவர்களில் ஒரு பகுதியினர் நம் மகாராஷ்டிரக் கரையில்தான் ஒதுங்கினார்கள். கேரளத்தையும் தமிழகத்தையும் சேர்ந்த 68 படகுகளில் 952 மீனவர்கள் பத்திரமாக வந்து சேர்ந்ததாக முதல்வர் தேவேந்திர பட்னாவிஸ் அப்போது அறிவித்தார். அவர்கள் உயிரோடு இருக்கும் செய்தி ஊருக்குப் போய்ச் சேரும் வரை அந்த வீடுகளில் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தடை எங்கே?

படகுகளில் கம்பியில்லாக் கருவி இல்லாமல் இல்லை. வி.எச்.எஃப். என்ற அந்தக் கருவியின் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. பூமியோ உருண்டை. கரையில் 50 மீட்டர் உயரக் கோபுரமும் படகில் 5 மீட்டர் உயரக் கம்பமும் இருந்தால், கணக்குப்படி சுமார் 40 கிலோமீட்டர் வரை பேசலாம். அதற்கு அப்பால் கடலின் வளைவே சுவராக நிற்கிறது. கைப்பேசிக் கோபுரத்துக்கும் இதே கதிதான். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருப்பவரை எட்ட வேண்டுமானால் கோபுரத்தை வானத்தில்தான் நட வேண்டும்.

பூமத்திய ரேகைக்கு நேர் மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் அப்படிப்பட்ட கோபுரம். பூமி சுழலும் வேகத்திலேயே அதுவும் சுற்றுவதால் நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். பூமியின் மூன்றில் ஒரு பங்கு அதன் பார்வையில் படும். பேச்சு மேலே போய்க் கீழே வர கால் விநாடி ஆகும். உயிர் காக்கும் செய்திக்கு அது ஒரு பொருட்டல்ல.

நம் நாட்டில் இந்த ஆராய்ச்சி ஏழை எளியவரை மனத்தில் வைத்தே தொடங்கியது. விக்ரம் சாராபாய் 1971-இல் மறைந்தார். அவர் கண்ட கனவின்படி, 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்காவிடம் இரவல் வாங்கிய ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியில் விவசாயமும் சுகாதாரமும் கற்பித்தார்கள். கோழிவலைக் கம்பியால் செய்த ஆன்டெனாக்கள் கிராமத்துப் பள்ளிகளில் நின்றன. 1983-இல் இன்சாட்-1பி மேலே போனது. அந்த வரிசைக் கோள்கள் வழியாகப் புயல் எச்சரிக்கையை நேரே கடலோர ஊர்களுக்கு அனுப்பி, அங்கே சங்கொலியும் உள்ளூர் மொழியில் அறிவிப்பும் கேட்கச் செய்யும் ஏற்பாடு அந்தப் பத்தாண்டிலேயே வந்தது. ஆந்திரக் கரையில் 1977 நவம்பர் புயல் பத்தாயிரம் பேர் வரை பலிகொண்டது. 1990 மே மாதம் அதே கரையைத் தாக்கிய கடும் புயலில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. முன்னெச்சரிக்கையும், மக்களை முன்கூட்டி வெளியேற்றியதும் சேர்ந்து செய்த வேலை அது.

பதில் வராத செய்தி

ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் கேட்மேனைப் போனில் கூப்பிட்டுக் கேட்டை மூடச் சொல்வார். சொன்னதோடு அவர் வேலை முடிந்துவிடாது. கேட்மேன் மூடிப் பூட்டிவிட்டு, தன்னிடம் உள்ள தாளிலிருந்து ஒரு பிரைவேட் நம்பரைச் சொல்ல வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் அதை எழுதிக்கொண்ட பிறகுதான் சிக்னல். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே வண்டி விடுவதற்கும் இப்படி எண் பரிமாறும் முறை உண்டு. மறுமுனையில் இருப்பவர் வாங்கிக்கொண்டார் என்ற அத்தாட்சி கையில் இல்லாவிட்டால் ரயில்வேயைப் பொறுத்தவரை அந்தச் செய்தி போகவே இல்லை.

ஒக்கிக்குப் பிறகு வந்த கருவிகளை இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். 2019 அக்டோபரில் ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் ‘ஜெமினி’ என்ற பெட்டியை அறிமுகம் செய்தது. விமானங்களுக்காக ஏற்பட்ட ககன் செயற்கைக்கோள் அமைப்பின் வழியாக வரும் எச்சரிக்கையை அது வாங்கி மீனவரின் கைப்பேசியில் காட்டும். கைப்பேசிக் கோபுரம் எட்டாத ஆழ்கடலிலும் வேலை செய்யும். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அது ஒருவழிப் பாதை. படகிலிருந்து ‘கிடைத்தது’ என்றோ ‘காப்பாற்றுங்கள்’ என்றோ அதன் மூலம் சொல்ல முடியாது.

திரும்பும் வழிதான் கடினம். செயற்கைக்கோளின் சக்தி வாய்ந்த குரல் கீழே கேட்பது எளிது. ஆடும் படகிலுள்ள சிறு கருவியின் மெல்லிய குரல் 36,000 கிலோமீட்டர் தாண்டி மேலே கேட்க வேண்டும். கீழே வாய் சிறியதாக இருந்தால் மேலே காது பெரியதாக இருக்க வேண்டும். 2015 ஆகஸ்டில் இஸ்ரோ ஏவிய ஜிசாட்-6 கோளில் 6 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனாவைக் குடைபோல் மடித்து அனுப்பி விண்ணில் விரித்தார்கள். சிறிய நடமாடும் கருவிகளோடு பேசவே அது.

இஸ்ரோவின் இவ்வகை நடமாடும் சேவையை நம் ரயில்வேயும் பயன்படுத்துகிறது. எஞ்சின்களில் பொருத்திய கருவி வண்டி இருக்கும் இடத்தை 30 விநாடிக்கு ஒருமுறை தெரிவிக்கிறது. கைப்பேசிக் கோபுரம் கிடைக்காத காட்டுப் பகுதிகளில் செயற்கைக்கோள் கைகொடுக்கிறது.

படகுகளுக்கும் இதே வழி திறந்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் 30 அன்று, நமக்குப் பக்கத்து மாவட்டமான பால்கரில், பிரதமர் ஒரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். சுமார் 360 கோடி ரூபாய் செலவில், 13 கடலோர மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் 1 லட்சம் படகுகளில் இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்களைப் படிப்படியாகப் பொருத்தும் திட்டம் அது. இதில் இருவழியும் பேசலாம். ஆபத்தில் அழைக்கலாம், எல்லை நெருங்கினால் எச்சரிக்கும், மீன் கூடும் இடத்தையும் சொல்லும். கடலின் நிறத்தையும் வெப்பத்தையும் செயற்கைக்கோள் அளந்து தரும் கணிப்பு அது. வீணாகத் தேடி அலையாததால் டீசல் மிச்சம். கடலும் மீனவரும் நீடித்து வாழ இதுவும் வேண்டும்.

கடைசி முழம்

விண்ணிலிருந்து எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வந்தாலும், செய்தி கடைசி முழத்தை மனிதர் கையால்தான் கடக்கிறது. புதுவை வட்டாரக் கிராமங்களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் தகவல் மையங்களை நடத்தியது. மீனவ ஊர்களில் அலை உயரத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் இருந்த ஓர் ஊர்க்காரர் சுனாமிச் செய்தி அறிந்து நல்லவாடு கிராமத்துக்குப் போன் செய்தார். இளைஞர்கள் அந்த ஒலிபெருக்கியை எடுத்து அறிவித்தார்கள். மக்கள் மேடான இடத்துக்கு ஓடிப் பிழைத்தார்கள். சிங்கப்பூர்ப் போனும் ஊர் ஒலிபெருக்கியும் கைகோத்ததால்தான் அது நடந்தது.

உல்லாஸ்நகர்வாசிகளான நமக்கும் இதில் பாடம் உண்டு. 2019 ஜூலை 27 அன்று உல்லாஸ் ஆற்று வெள்ளத்தில் பதலாப்பூருக்கும் வாங்கணிக்கும் இடையே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் சிக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைப் படகில் மீட்டதை நாம் மறக்கவில்லை. 2023-இல் நம் கைப்பேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறியதும் நினைவிருக்கும். 1984-இல் தொடங்கிய சி-டாட் ஆராய்ச்சி மையம் உருவாக்கிய எச்சரிக்கை முறையின் சோதனை அது. பலர் பதறி அதை அணைத்தார்கள்.

அடுத்த முறை அலறினால் அணைக்கும் முன் படியுங்கள். மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் தமிழில் சொல்லுங்கள். அடுத்த சாலிலும் கதவைத் தட்டிச் சொல்லுங்கள். ஊரில் கடலுக்குப் போகும் உறவினர் இருந்தால், படகில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தியாயிற்றா, அதை இயக்கப் பழகிக்கொண்டார்களா என்று அடுத்த போனிலேயே கேளுங்கள். ‘ஆயிற்று’ என்ற பதில் வரும் வரை விடாதீர்கள்.